பதினாலாம் தொட்டியின் கோடு

செவ்வாய், பிப்ரவரி 3, 2015

காலையிலிருந்து மழை. பதினாலாம் தொட்டி எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்று காட்டும் மட்டக்கோடு இன்றும் பேய் பிடித்தது போல ஆடுகிறது. கட்டுப்பாட்டு அறைக்குப் போய்த் திரையைப் பார்த்தேன். ஒரு நொடி அறுபதில் நிற்கிறது, மறு நொடி எண்பத்தைந்துக்குத் தாவுகிறது. தாவும்போதெல்லாம் எச்சரிக்கை மணி. டேரில் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "வாம்மா டாக்டரம்மா, உன் பிள்ளைக்கு இன்னும் வலிப்பு நிக்கல" என்றான். கூட இருந்த இருவரும் சிரித்தார்கள். வீட்டில் புருஷன், வேலையில் ஆபரேட்டர். இரண்டு இடத்திலும் எனக்கு அவன் தருவது புகார்தான்.

தொட்டிக்கு ஒரு கேடும் இல்லை. சிக்னலுக்குத்தான், அதாவது என் பொறுப்பில் இருக்கும் மீட்டருக்கும் அதன் கம்பிக்கும். டிசம்பரில் புதுப் பம்பு வைத்தார்கள். அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ், மின்சாரத்தை நறுக்கி நறுக்கி அனுப்புகிறது. அந்தக் கூச்சல், ஒரே கேபிள் ட்ரேயில் அதன் கம்பியோடு ஒட்டிப் படுத்திருக்கும் என் மெல்லிய கம்பிக்குள் இறங்கிவிடுகிறது. நாலு மில்லி ஆம்பியர் என்றால் தொட்டி காலி, இருபது என்றால் நிறைவு. அந்தக் கம்பிக்குத் தெரிந்த பேச்சு அவ்வளவுதான். அதன் காதருகே ஒருவன் நின்று கத்தினால் அது என்ன செய்யும்?

பராமரிப்பு மேலாளர் வார்விக்கிடம் மறுபடி போனேன். சிக்னல் கம்பியைப் பிரித்துத் தனி ட்ரேயில் போட வேண்டும், பம்பை ஒரு நாள் நிறுத்தினால் போதும் என்றேன். "ஆகஸ்ட்ல ஆலையையே நிறுத்தற ஷட்டவுன் வருதில்ல, அப்ப பாப்போம். அதுவரைக்கும் ஒரு ஃபில்டரைப் போட்டு ஓட்டு, ஜெனெல்" என்றார். தலையை நிமிர்த்தவே இல்லை.

மாலையில் தொட்டியருகே இணைப்புப் பெட்டியைத் திறந்து இரண்டு விநாடி ஃபில்டர் ஒன்று போட்டேன், சிக்னலின் துள்ளலை அமுக்கும் வடிகட்டி. அதற்கு மேல் கூட்ட மனம் வரவில்லை. அந்தத் தொட்டியில் இருப்பது கொதிக்கும் காஸ்டிக் கரைசல், தோலையே அரிக்கும் காரம். அடியில் நீராவி மாட்டிக்கொண்டால் அரை நிமிடம் பொங்கி அடங்கும். ஏப்பம் என்பார்கள் இங்கே. பெரிய வடிகட்டி போட்டால் கோடு அழகாகத்தான் ஆகும். ஏப்பமும் கூடவே காணாமல் போகும். எது கூச்சல், எது நிஜம் என்று வடிகட்டிக்குத் தெரியாது. வேகமாக வரும் எதையும் அது அமுக்கும்.

வியாழன், பிப்ரவரி 5

மணி பாதியாகக் குறைந்திருக்கிறது. பாதிதான்.

சாப்பிடும்போது டேரில் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "அந்த மணி காதுக்குள்ள போய் மண்டையில கூடு கட்டிருச்சு ஜென். தூங்கினாலும் அடிக்குது." ட்ரே, ஆகஸ்ட், வார்விக் எல்லாவற்றையும் சொன்னேன். "ஆகஸ்ட்டா? அதுக்குள்ள நாங்க எல்லாரும் சட்டையக் கிழிச்சுக்கிட்டுக் கடற்கரைல ஓடுவோம்."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

திங்கள், பிப்ரவரி 16

நின்றுவிட்டது! கோடு நேராக, காற்றில்லாத குளம் போல. வெள்ளிக்கிழமை கம்பியைச் சுற்றிய உலோக உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தேன். அதுதான் வேலை செய்திருக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் நுழைந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். இருபத்தாறு வருட வேலையில் எனக்கு யாரும் கைதட்டியதில்லை. முகம் சூடாகிவிட்டது.

டேரில் மட்டும், "எப்படியோ நின்னுச்சே, சாமி" என்று பெருமூச்சு விட்டான். கணினிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் எஞ்சினியர் கேலம் மூலையில் நின்று காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். எவ்வளவு சர்க்கரை போடுவானோ.

ஞாயிறு, மார்ச் 1

டேரிலும் கேலமும் விடிவதற்குள் படகை எடுத்துக்கொண்டு ஆற்று வாய்க்குப் போனார்கள். இருவரும் சேர்ந்து வாங்கிய தகரப் படகு. கேலமின் மனைவி, இரண்டு குழந்தைகள் எல்லோரும் மதியம் இங்கேதான். ஒரே ஒரு பாராமுண்டி மீன். அதைப் பிடித்தது யார் என்று சாயங்காலம் வரை சண்டை. "தூண்டில் என்னுது." "புழு என்னுது." "படகுல பாதி என்னுது." "உன் பாதில மீனே இல்லையே, மகனே!" டேரிலுக்கு ஐம்பத்திரண்டு, கேலமுக்கு முப்பத்தொன்று. கேட்டால் இருவருக்கும் ஒன்பது வயது என்றுதான் சொல்ல வேண்டும்.

புதன், மார்ச் 11

டேரில்.

காஸ்டிக். முகத்தில். ஹெலிகாப்டரில் பிரிஸ்பேனுக்கு. என்னை ஏற்றவில்லை, இடமில்லையாம். நான் காரில்—

சனி, மார்ச் 14. பிரிஸ்பேன்

இரண்டு கண்ணுக்கும் கட்டு. கழுத்திலும் வலது காதிலும் தோல் உரிந்திருக்கிறது. கண்ணை இன்னும் கழுவிக்கொண்டே இருக்கிறார்கள். கழுவும்போது அவன் கத்துவதில்லை. கட்டில் கம்பியைப் பிடிக்கிறான், கம்பி நடுங்குகிறது.

மதிய ஷிப்டில் தொட்டியடிக்குச் சோதனைக்காகக் கொஞ்சம் கரைசல் எடுக்கப் போயிருக்கிறான். முகக்கவசம், கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டிருந்தானாம். கூட இருந்தவன் ஓடி வந்து பார்க்கும்போது தரையில் கிடந்தானாம். அவன்தான் அவசர ஷவருக்கு இழுத்துப் போயிருக்கிறான்.

இன்று கொஞ்சம் தெளிவு. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "மேலேர்ந்து வந்துச்சு ஜென்" என்றான். "மழை மாதிரி. மேலேர்ந்து. கவசத்துக்குப் பின்னால எறங்கிருச்சு."

சரி சரி, பேசாதே என்றேன். பேச விட்டிருக்க வேண்டும்.

வெள்ளி, மார்ச் 27

இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சம் தெரியலாம் என்றார் டாக்டர். தெரியலாம். அந்த 'லாம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைய நாளைத் தள்ளினோம்.

புதன், ஏப்ரல் 15

வார்விக் வந்தார். பழக்கூடை. கூடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டே பாதி நேரம் பேசினார்.

ஆலையின் விசாரணை முடிந்துவிட்டதாம். தொட்டி வழியவில்லையாம். சோதனைக்குக் கரைசல் எடுக்கும் வால்வை டேரில் திறந்தபோது அதிலிருந்துதான் பீச்சியிருக்கிறது, கவசத்தைச் சரியாக இறக்கவில்லை — இதுதான் முடிவு. "யாரும் குத்தம் சொல்லல டேரில். யாருக்கும் நடக்கிறதுதான்."

"மேலேர்ந்து வந்துச்சு" என்றான் டேரில்.

"புரியுது. ஆனா மட்டம் பதிவாகியிருக்கில்ல? அந்த நேரத்துல தொட்டி எழுபத்தொண்ணுதான். நடுவுல ஒரு சின்னத் திட்டு, எழுபத்தேழு வரைக்கும். அவ்ளோதான். எழுபத்தேழுல எந்தத் தொட்டியும் வழியாது."

டேரில் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். பிறகு கேட்டான், "கோடு எப்படி இருந்துச்சு? வழுவழுன்னா?"

"கண்ணாடி மாதிரி."

அதற்கப்புறம் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான்தான் சண்டை போட்டேன். தொட்டிக்கு வெளியே வழிந்த தடம் இருக்குமே என்றேன். "அன்னிக்கே தண்ணியடிச்சுக் கழுவிட்டாங்க ஜெனெல். அந்தத் தொட்டில பழைய தடமே நூறு இருக்கு." கூடையைக் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு, ஏப்ரல் 26. கர்லூ பாயின்ட்

வீடு வந்து நாலு நாள். சுவரைத் தடவிக்கொண்டே நடக்கிறான். குளிர்பதனப் பெட்டியைத் திறந்து அதன் வெளிச்சத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறான். "மஞ்சளா இருக்கு" என்கிறான். வலது கண்ணுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

"மேலேர்ந்து வந்துச்சுன்னு சொன்னியே, வார்விக் முன்னாடி ஏன் விட்டுட்ட?" என்று இன்றும் கேட்டேன்.

"சொன்னேனா? மருந்து மயக்கம். கோடு எழுபத்தொண்ணுன்னா எழுபத்தொண்ணுதான்."

"உன் முகத்துல விழுந்தது உனக்குத் தெரியாதா?"

"விடு ஜென்."

தன் மேல் விழுந்ததை ஒருவன் எப்படி மறப்பான்? திரையில் ஒரு கோடு சொன்னால் தன் தோலையே நம்ப மாட்டானா? எனக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை இன்று. எரிச்சல் வந்தது. எழுதி வைக்கிறேன், இதையும்.

சனி, மே 2

கேலம் வந்து புல் வெட்டிவிட்டுப் போனான். சனிக்கிழமை தோறும் வருகிறான். படி ஏறுவதில்லை. தண்ணீர் கொண்டுபோனேன், வேண்டாம் என்று தலையாட்டினான். டேரிலுக்கு அந்த எந்திரச் சத்தம் கேட்டதும் முகம் அந்தப் பக்கம் திரும்புகிறது. கூப்பிடுவதில்லை. இவர்களுக்குள் என்ன?

புதன், மே 6

வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாள். எனக்குக் கொடுத்த முதல் வேலையே பதினாலாம் தொட்டியின் மீட்டரைச் சரிபார்ப்பது. வேண்டுமென்றா கொடுத்தார்கள்? இல்லை, யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

அவன் விழுந்த இடத்தில் நின்றேன். கான்கிரீட். வேறு ஒன்றும் இல்லை.

மீட்டரைக் கழற்றிவிட்டு, என் சோதனைப் பெட்டியிலிருந்து கம்பிக்குப் பன்னிரண்டு மில்லி ஆம்பியர் கொடுத்தேன். திரையில் ஐம்பது காட்ட வேண்டும். ரேடியோவில் கட்டுப்பாட்டு அறையிடம், "என்ன காட்டுது?" என்றேன்.

"அறுபத்தெட்டு. எறங்கிட்டிருக்கு."

என் வடிகட்டி இரண்டு விநாடி. பத்து விநாடிக்குள் ஐம்பதில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"இப்ப?"

"அறுபத்திரண்டு. என்னம்மா, தொட்டி தூங்குதா?"

ஐம்பதைத் தொட ஆறு நிமிடம் போல ஆயிற்று. அதுவரை அசையாமல் நின்றேன். கம்பியில் கோளாறு இல்லை, பெட்டியில் கோளாறு இல்லை. கம்பி போய்ச் சேரும் இடத்தில், கணினிக்குள், இன்னொரு வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது. பெரியது. தொண்ணூறு விநாடி இருக்கும்.

 இன்னொன்றையும் செய்து பார்த்தேன். எழுபத்தொன்றுக்குரிய மின்னோட்டத்தைக் கொடுத்துக் கோடு நிலைக்கும்வரை பொறுத்தேன். பிறகு இருபது விநாடி மட்டும் முழுத் தொட்டி, ததும்பி வழியும் தொட்டி, இருபது மில்லி ஆம்பியர். திரும்பவும் எழுபத்தொன்று.

"எவ்வளவு ஏறுச்சு?"

"லேசாத்தான். எழுபத்தேழு. ஏன்?"

ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். வார்விக் சொன்ன அதே திட்டு. அதே எழுபத்தேழு. தொட்டி ஏப்பம் விட்டிருக்கிறது. விளிம்பு வரை பொங்கி, வழிந்து, அவன் தலையில் கொட்டி, அடங்கியிருக்கிறது. திரையில் ஒரு சின்ன மேடு. போர்வைக்குள் குழந்தை முழங்காலை மடக்கினால் தெரியுமே, அவ்வளவுதான்.

பிப்ரவரியில் கோட்டை நேராக்கியது என் எர்த் இல்லை. எனக்குக் கைதட்டினார்களே. அன்றைக்கே கம்பியைச் சோதித்துப் பார்த்திருந்தால்! ஏன் பார்க்கல? ஏன்னா கைதட்டினாங்க. அதான்.

வியாழன், மே 7

கேலமைக் கார் நிறுத்துமிடத்தில் பிடித்தேன். சுற்றி வளைக்கவில்லை. "தொண்ணூறு விநாடி. நீதானே?"

மறுக்கவில்லை. சாவி முனையால் உள்ளங்கையைக் கீறிக்கொண்டே பேசினான். "டேரில் கேட்டான். ஒரு தடவ இல்ல. ஞாயித்துக்கிழமை போன் பண்ணி, 'கேலம், அடிக்கிற மணில நிஜ மணி எதுன்னே தெரியல, யாராவது சாகப் போறாங்க, ஏதாவது பண்ணு'ன்னான். நான் வீட்லேர்ந்தே போட்டேன். ரெண்டு நிமிஷ வேலை. நீ ஏற்கெனவே ஒண்ணு போட்டிருக்கறது எனக்குத் தெரியாது."

"என் ரெண்டு விநாடிய விடு. ஏப்பம் இருக்கற தொட்டில தொண்ணூறா?"

"ஆகஸ்ட் வரைக்கும்தானேன்னு நெனச்சேன்."

"ஏன் இன்னும் எடுக்கல?"

"விபத்துக்கப்புறம் எதையும் தொடாதேன்னாங்க. அப்புறம் தொட்டியத் திரும்ப ஓட்ட ஆரம்பிச்சாங்க. அப்ப எடுத்தா..." நிறுத்தினான். "எடுத்தா கோடு ஆடும். ஏன் ஆடுதுன்னு கேப்பாங்க."

அடிக்கக் கை எழுந்தது, நிஜமாகவே. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் ஏற்கெனவே பல பேர் அடித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

டேரில் கேட்டானாம். டேரிலே கேட்டானாம். இதை நான் எப்படி அவனிடம் போய்ச் சொல்வேன்?

சனி, மே 9

சொன்னேன்.

வெளியே கேலம் புல் வெட்டிக்கொண்டிருந்தான். டேரில் சமையலறை மேசையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவப் பழகிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன் — பன்னிரண்டு மில்லி ஆம்பியர், எழுபத்தேழு, தொண்ணூறு விநாடி. "மேலேர்ந்துதான் வந்துச்சு டேரில். நீ சொன்னதுதான் நெஜம்" என்றேன். அழுவான் என்று நினைத்தேன். நான்தான் அழுதேன்.

அவன் கத்தியை வைத்துவிட்டு, "எனக்குத் தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"கோடு வழுவழுன்னு இருந்துச்சான்னு வார்விக்கைக் கேட்டேன்ல. அப்பவே தெரியும். நான் கேட்டுத்தான் அவன் போட்டான். நான் கெஞ்சினேன், ஜென். அவன் முடியாதுன்னுதான் சொன்னான் மொதல்ல."

மருந்து மயக்கம் இல்லை. மறதியும் இல்லை. இத்தனை வாரமாகத் தெரிந்துகொண்டே, கவசத்தைச் சரியாக இறக்காத முட்டாள் என்ற பேரைத் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறான். நான் இரவெல்லாம் புரண்டதை அறிந்தும்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? கண்ணு எப்படியும் வரப் போறதில்ல. அவனுக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க. நான் கேட்டதுக்குச் செஞ்சவன்."

"பெரிய தியாகி! நாளைக்கு இன்னொருத்தன் அதுக்கடியில போய் நிப்பான். அவன் தலையிலயும் கொட்டட்டும், அவனும் உன்ன மாதிரி வாயை மூடிக்கட்டும்!"

அவன் முகம் மாறியது. "என்ன சொல்ற? எடுத்திருப்பானே."

"எடுக்கல. இன்னிக்கும் இருக்கு. புதன்கிழமை நான் பார்த்தேன்."

எழுந்தான். நாற்காலி பின்னால் விழுந்தது. சுவரைக்கூடத் தொடாமல் கதவுக்கு நடந்தான், இடுப்பில் மேசை முனை இடித்தது. வலைக்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நின்று, "கேலம்!" என்று கத்தினான். எந்திரம் நின்றது.

"அது இன்னும் இருக்காடா?"

கேலம் என்னைத்தான் பார்த்தான். பறவைச் சத்தம்தான்.

"போய் எடுறா. இப்பவே. செருப்பு மாத்தாத, கை கழுவாத, போ. யார் கேட்டாலும் டேரில் ஹாகன் சொன்னான்னு சொல்லு."

கேலம் அரை நிக்கரோடு, காலெல்லாம் புல் ஒட்டியபடி காரை எடுத்துக்கொண்டு போனான். புல்தரை பாதி வெட்டியபடி கிடக்கிறது.

திங்கள், மே 11

கோடு மறுபடி ஆடுகிறது. மணி மறுபடி அலறுகிறது. கேலம் காலையில் வார்விக் அறைக்குத் தானாகப் போய்ச் சொல்லிவிட்டானாம். நான் மதியம் அரசுப் பாதுகாப்பு ஆய்வாளர் பெட்ராவுக்குப் போன் செய்து நான் கண்டதைச் சொன்னேன். ட்ரேயைப் பற்றியும் சொன்னேன்.

வெள்ளி, மே 22

தொட்டியைக் காலி செய்துவிட்டு, பெட்ராவின் கண்முன்னே அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தோம். ஒரு தடவை தொண்ணூறு விநாடி வடிகட்டியோடு: சின்ன மேடு. ஒரு தடவை அது இல்லாமல்: கோடு செங்குத்தாக நூறுக்கு ஏறி நின்று இறங்கியது. பெட்ரா குறித்துக்கொண்டாள். மூன்றாம் தடவை செய்யச் சொன்னாள். பிறகு, "உங்க வீட்டுக்காரர் எப்படியிருக்கார்?" என்றாள். அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான், இந்த ஆலைக்குள்.

வெள்ளி, ஜூன் 12

ஆலையின் திருத்திய அறிக்கை. வால்வு பற்றிய முடிவு 'விலக்கிக்கொள்ளப்படுகிறது.' ஒரே வரி. மன்னிப்பு என்ற சொல் இல்லை.

காரணம்: 'தனிநபர் ஒருவர் அனுமதியின்றிச் செய்த மாற்றம்.' கேலமை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். டிசம்பர் பம்பு இல்லை. ட்ரே இல்லை. ஆகஸ்ட் இல்லை. வார்விக் இல்லை. நான் சொன்னதில் தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வழித்துப் போட்டுவிட்டார்கள்.

படித்துக் காட்டினேன். டேரில் கேட்டுவிட்டு, "என்னைக் காப்பாத்திட்ட" என்றான். "அவனை வித்துட்ட."

நானா? நானாடா வித்தேன்?

சனி, ஜூன் 20

புல் முழங்கால் உயரம்.

கடையில் கேலமின் மனைவியைப் பார்த்தேன். பால் எடுக்கும் இடத்தில். கையைத் தூக்கினேன். அவள் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

புதன், ஜூலை 8

டேரில் பின் அறையில் படுக்கிறான். கழுத்து எரிகிறது, மின்விசிறி அங்கேதான் நன்றாக இருக்கிறது என்கிறான். இருக்கலாம்.

வெள்ளி, ஜூலை 17

பெட்ரா பேசினாள். ஆகஸ்டில் டவுன்ஸ்வில்லில் அரசு விசாரணை. விவரம் தெரிந்த யாரும் வந்து சொல்லலாமாம். "அந்த ட்ரே விஷயத்த நீங்க நேர்ல வந்து சொன்னாத்தான் நிக்கும். வற்புறுத்தல" என்றாள்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, வார்விக் என் பட்டறைக்கு வந்தார். பட்டறைக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை. மேசையில் கிடந்த ஸ்க்ரூடிரைவர்களை ஒழுங்காக அடுக்கினார். "இப்ப வீட்ல உன் சம்பளம் மட்டும்தான், இல்ல? யோசிச்சுப் பேசு ஜெனெல். யாரும் யாரையும் மிரட்டல."

மிரட்டவில்லைதான். ஸ்க்ரூடிரைவர்களை அளவு வாரியாக அடுக்கிவிட்டுப் போனார்.

பயமாக இருக்கிறது. இந்த ஊரில் எனக்கு வேறு ஆலை இல்லை.

ஞாயிறு, ஜூலை 26

கேலம் வந்திருந்தான். நான் குளித்துவிட்டு வரும்போது பின்படியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடைவெளி. எத்தனை நேரமாக என்று தெரியாது. பேசினார்களா என்றும் தெரியாது. கேலம் என்னைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டான்.

டேரில் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு, "நான் டவுன்ஸ்வில் போறேன்" என்றான். "நான்தான் கேட்டேன்னு சொல்லப் போறேன். நான் மட்டும் இல்ல, ஷிப்ட் பூராவும் கேட்டோம். மணியைத் தாங்க முடியாமத்தான் கேட்டோம். அந்த மணி ஏன் அடிச்சுதுன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. அது உனக்குத்தான் தெரியும்."

"வேலை போயிரும் டேரில்."

"ம்."

"வீடு?"

"ம்."

அவன் போ என்று சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. கையை நீட்டினான். அது என் தோளுக்குப் பதில் காற்றில் போய் நின்றது. நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன், அந்தக் கை இருந்த இடத்துக்கு.

வெள்ளி, ஆகஸ்ட் 7

ஷட்டவுன் நவம்பருக்குத் தள்ளிவைப்பு.

செவ்வாய், ஆகஸ்ட் 11. டவுன்ஸ்வில்

விடுதி அறையில் எழுதுகிறேன். விசாரணையில் நாங்கள் பேசுவது நாளைக்கு.

கேலமின் காரில்தான் வந்தோம். காலையில் வந்து நின்றான், ஹாரன் அடிக்கவில்லை. டேரில் முன்னால் உட்கார்ந்தான். நான் பின்னால், குழந்தை இருக்கைக்கும் ஒரு பந்துக்கும் இடையில்.  ஹோம் ஹில் ஊரைத் தாண்டும்போது என் போன் அதிர்ந்தது. வார்விக்கின் பெயர். அது ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பைக்குள் போட்டேன்.

பாலத்தில் ஏறியதும் சக்கரச் சத்தம் மாறியது. டேரில் தலையைச் சாய்த்துக் கேட்டான். "எங்க இருக்கோம்?"

கேலம் வேகத்தைக் குறைத்தான். "பர்டகின் ஆத்துப் பாலம்."

"தண்ணி இருக்கா?"

"நடுவுல மட்டும். மத்ததெல்லாம் மணல். ஒருத்தன் நாயோட நடக்கிறான்."

"என்ன நாய்?"

"கறுப்பு. ஒரு கால் நொண்டுது."

"அப்புறம்?"

"அப்புறம் கரும்பு. இடது பக்கம் வெட்டியாச்சு, வலது பக்கம் நிக்குது. தூரத்துல கொளுத்தறாங்க, புகை நேரா மேல போகுது. கரும்பு ரயில் ஒண்ணு, பெட்டியெல்லாம் நெறஞ்சு. கடைசிப் பெட்டி மட்டும் காலி."

 டேரில் கார்க் கண்ணாடியை இறக்கி முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு, "ம், சொல்லு" என்றான். கேலம் சொன்னான். வேலியை, மாட்டை, மூடிக்கிடந்த பெட்ரோல் கடையை, அதன் வாசலில் கிடந்த உடைந்த நாற்காலியை. நகரம் வரும்வரை, ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தான்.